ஐவரில் ஒருவர், பிறகு தனியே ஒருவர்: ஸைன் மலிக் கதை



வகுப்பில் பாட்டுப் பேச்சு வந்தால் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "சேர், ஸைன் மலிக் நம்மட ஆள்தானே? ஏன் அவ்வளவு பெரிய குழுவை விட்டுப் போனார்?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

ஸைன் 1993 ஜனவரி 12இல் பிறந்தவர். வளர்ந்தது இங்கிலாந்தின் பிரட்போர்ட் நகரில். அது கம்பளி ஆலைகளின் ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது பாக்கிஸ்தானில் இருந்து ஆயிரக்கணக்கானோர் போனார்கள். 1960களில் மங்களா அணை கட்டியதால் நிலம் இழந்த மீர்பூர் மக்களும் அவர்களில் பலர். பின்னர் ஆலைகள் மூடப்பட்டன. மக்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஸைனின் வாப்பா பாக்கிஸ்தானிய வழியினர். உம்மா இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயப் பெண். ஓர் ஆரம்பப் பாடசாலையில் ஹலால் உணவு சமைத்தவர்.

2010இல், 17 வயதில், 'எக்ஸ் ஃபேக்டர்' என்ற தொலைக்காட்சிப் போட்டிக்குப் போனார். ஆடச் சொன்ன கட்டத்தில் மேடையேற மறுத்துப் பின்னால் ஒதுங்கி நின்றார். நடுவர் சைமன் கவல் தானே போய் அழைத்து வந்தார். அந்தக் காட்சியை அன்று எல்லோரும் கூச்சம் என்றே நினைத்தார்கள்.

தனிப் பாடகராக அவர் தெரிவாகவில்லை. அவரைப் போலவே வெளியேறிய இன்னும் நால்வரோடு சேர்த்து 'வன் டிரெக்ஷன்' குழு உருவானது. போட்டியில் கிடைத்தது மூன்றாம் இடம்தான். ஆனால் 2012 மார்ச்சில் அவர்களது முதல் அல்பம் அமெரிக்காவில் வெளியான உடனேயே முதலிடம் பிடித்தது. அதுவரை எந்தப் பிரித்தானியக் குழுவின் முதல் அல்பத்துக்கும் அது கிடைத்ததில்லை. பிறகு ஆண்டுக்கொரு அல்பம், நாடு நாடாகச் சுற்றுப்பயணம்.

புகழோடு ஏச்சும் வந்தது. 2014இல் காஸா மீது குண்டு விழுந்த நாட்களில் பலஸ்தீன விடுதலைக்காக டுவிட்டரில் ஒரு சிறு பதிவு போட்டார். கொலை மிரட்டல்கள் வந்தன.

2015 மார்ச் 25இல் குழுவை விட்டு விலகினார். 22 வயது இளைஞனாகச் சாதாரணமாக வாழ வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். சரியாக ஓராண்டு கழித்து அதே திகதியில் அவரது தனி அல்பம் 'மைண்ட் ஒஃப் மைன்' வெளிவந்தது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடம். அதில் உருதுப் பாட்டு ஒன்றும் இருந்தது. குழுவில் இருந்தபோது அப்படி ஒன்றைப் பாட அவருக்கு இடம் கிடைத்திருக்காது.

ஆனால் 2016 ஜூனில் வெம்ப்ளி மைதான நிகழ்ச்சியை கடைசி நேரத்தில் கைவிட்டார். கடும் மனப்பதற்றம் என்று தானே வெளிப்படையாக எழுதினார். குழுவில் இருந்த காலத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் நோய்க்கு ஆளானதையும் அதே ஆண்டு வந்த தன் புத்தகத்தில் சொன்னார். 2018இல் வந்த இரண்டாவது அல்பம் அமெரிக்காவில் முதல் 50க்குள்கூட வரவில்லை. தனக்கென ஒரு சுற்றுப்பயணத்தைத் தொடங்க 2024 நவம்பர் வரை சென்றது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் பழைய தோழர் லியாம் பெய்ன் 31 வயதில் மரணித்தார்.

அவருடைய பாட்டும் வாழ்க்கையும் சரியா பிழையா என்று வாதாடுவதற்கு இதை எழுதவில்லை. தன்னை முஸ்லிம் என்று அழைத்துக்கொள்ள விரும்பவில்லை என்று 2018இல் அவரே சொன்னார். அதன் பிறகு "நம்மட ஆள்" என்று கொண்டாடியவர்களில் சிலரே ஏசினார்கள். தூக்கி வைப்பதும் கீழே போடுவதும் நமக்கு எவ்வளவு இலகு!

நமக்குப் படிப்பினை வேறு. பேச்சுப் போட்டி அன்று வயிற்றுவலி என்று வீட்டில் நிற்கும் பிள்ளை, பரீட்சை நெருங்க நெருங்கச் சாப்பாட்டைக் குறைக்கும் பிள்ளை நம் வகுப்புகளிலும் உண்டு. "நடிப்பு", "ஈமான் குறைவு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உலகமே கைதட்டிய ஒருவருக்கே அது வந்தது என்றால், நம் பிள்ளைக்கு வருவதில் வெட்கம் என்ன?

இன்று இரவு பிள்ளையிடம் புள்ளி எத்தனை என்று கேட்க முன், சாப்பிட்டாயா, நித்திரை வருகிறதா என்று கேட்போம். தேவையென்றால் டொக்டரிடம் கூட்டிப் போவோம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு மன அமைதியைத் தருவானாக.