புள்ளித்திரளும் கைமரமும்: நோத்ர தாம் பேராலய அளவீட்டை முன்வைத்து

தரையில் நிறுத்தப்படும் லேசர் வருடி ஒளித்துடிப்பைச் சுவர்மீது செலுத்தி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது. ஒளி போய்வர வேண்டியிருப்பதால் நேரக்கணக்கில் ஒரு நானோ நொடி பிழைத்தால் தொலைவில் 15 சென்டிமீட்டர் பிழைக்கும். மில்லிமீட்டர்த் துல்லியத்துக்கு அந்த நானோ நொடியையும் 150 கூறுகளாகப் பகுத்து அளக்க வேண்டும். ஓரிடத்திலிருந்து தூணின் ஒரு பக்கமே தெரியும். ஆகவே பல இடங்களில் கருவியை நிறுத்திப் பதிவு செய்து, பொதுவான குறியிலக்குகளின் துணையால் அப்பதிவுகளைப் பொருத்துகின்றனர். இவ்வாறு திரளும் புள்ளிகளே முப்பரிமாண மாதிரிக்கு மூலம்.

பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தைக் கலை வரலாற்றறிஞர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் இம்முறையில் அளந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நிலைகளிலிருந்து நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைத்தன. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர்கள் எவ்வளவு சாய்ந்திருக்கும் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. ஆலயத்தின் மேற்சுவர்கள் பெரிதாக நகரவில்லை என்று தரவு காட்டியது. தாங்கலின்றி நின்றிருந்தால் அவை சாய்ந்திருக்கும்; எனவே வெளியிலிருந்து சுவரைத் தாங்கும் வளைவு முட்டுகள் பிற்காலச் சேர்க்கையல்ல, தொடக்கத்திலேயே கட்டப்பட்டவை என்று அவர் வாதிட்டார். கேள்வியோடு அளந்ததால்தான் புள்ளிகள் சான்றாயின.

டாலன் 2018 நவம்பரில் மறைந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று மூண்ட தீயில் ஓக் மரக் கூரைச்சட்டகமும் 19ஆம் நூற்றாண்டின் கூர்ங்கோபுரமும் அழிந்தன. டாலனின் தரவே ஆலயத்தை மீட்டுத்தரும் என்ற பேச்சு உடனே பரவியது. அது பாதி உண்மைதான். மரச்சட்டகத்தை மீண்டும் எழுப்பிய தச்சர்களுக்குப் பேருதவியாக இருந்தது வேறொன்று: கட்டடக் கலைஞர்கள் ரெமி ஃப்ரோமோன், செத்ரிக் த்ராந்தசோ இருவரும் 2014இல் கூரைக்குள் ஏறிக் கையால் அளந்து வரைந்த படங்கள். உத்திரத்தின் தடிமன் என்ன, கைமரம் எங்கே எவ்விதப் பொருத்தில் இணைகிறது என்பதை அவை தெளிவாகக் காட்டின. அதே ஆண்டில் எடுக்கப்பட்ட கூரையின் லேசர் பதிவு அவற்றைச் சரிபார்க்க உதவியது. புதிய மரங்களையும் தச்சர்கள் பழைய முறைப்படி கோடரியால் செதுக்கியே உருவாக்கினர்.

ஒளி மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. துளைக்குள் செருகிய மரநாக்கையோ கல்லுக்குள் புதைந்த இரும்பையோ அது காணாது. தீக்குப் பின் நடந்த ஆய்வில், கற்களைப் பிணைக்கும் இரும்புக் கவ்விகள் 1160களின் தொடக்கத்திலிருந்தே இவ்வாலயத்தில் பயன்பட்டன என்று தெரியவந்தது. 2023இல் வெளியான இம்முடிவுக்கு, தீயும் சீரமைப்பும் வெளிக்கொணர்ந்த இரும்பை நேரில் ஆராய வேண்டியிருந்தது.

புள்ளித்திரளை மாதிரியாக மாற்றும்போது சிக்கல் கூடுகிறது. திரளில் விடுபட்ட இடம் வெறுமையாகவே இருக்கும். அங்கே தரவு இல்லை என்று பார்த்ததும் புரியும். மாதிரியிலோ அவ்விடத்தை வரைபவர் ஊகித்து நிரப்புகிறார். வழவழப்பான பரப்பில் அளந்த கல்லும் ஊகித்த கல்லும் ஒன்றுபோலத் தெரிகின்றன. பண்பாட்டு மரபின் கணினிக் காட்சியாக்கத்துக்கான லண்டன் சாசனம், 2009ஆம் ஆண்டுப் பதிப்பில், சான்று எது கருதுகோள் எது என்பது பயனருக்குப் புலப்பட வேண்டும் என்கிறது. பின்வரும் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஆகவே மாதிரியோடு மூலப் புள்ளித்திரளும் ஆவணக் காப்பகத்தில் சேர வேண்டும். ஊகித்த பகுதிகளுக்குத் தனி நிறம் வேண்டும். அளவீட்டுத் திட்ட மதிப்பீட்டில் வருடிக்கான தொகையோடு, கூரைக்குள் ஏறிப் பொருத்துகளைக் கையால் அளக்கும் தச்சறிவுள்ளவரின் ஊதியமும் இடம்பெற வேண்டும்.