எந்த 'எரோ'வைக் கட்டுவது?

1782 ஜூலை 6. காலையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு எதிரே சண்டை. சாயங்காலம் ஆங்கிலேயக் கப்பல்கள் நாகைக்கும் நாகூருக்கும் இடையே நங்கூரமிட்டன. பிரெஞ்சுக் கப்பல்கள் கொஞ்சம் வடக்கே, நம்ம காரைக்காலுக்கு எதிரே. அதில் தளபதி சுஃப்ரெனின் கப்பல் 'எரோ'. 74 பீரங்கி. அதை கிட் வாங்காமல், ஏராவிலிருந்து பாய்மரம் வரை ஒவ்வொரு துண்டாக அறுத்து மாடல் செய்யணும்னா எங்கே ஆரம்பிப்பது?

அசல் கப்பல் இல்லை. 1778 டிசம்பரில் துலோன் துறைமுகத்தில் கடலில் இறங்கியது, 1793 டிசம்பரில் அதே துலோனில் எரிந்துபோனது. மாடல்காரர்களுக்குக் கைகொடுப்பது ழான் பூத்ரியோ 1970களில் வெளியிட்ட நாலு தொகுதி நூல். 74 பீரங்கிக் கப்பலை ஆணி வரை வரைந்து காட்டியிருக்கிறார். ஆனா ஒன்று: அது 1780 வாக்கிலான ஒரு பொதுமாதிரி, 'எரோ' என்ற தனிக்கப்பல் அல்ல.

அடுத்தது அடிக்கணக்கு. இந்த ரகக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 168 அடி. இது பிரெஞ்சு அடி, 32.48 செ.மீ. நம்ம ஸ்கேலில் இருப்பது ஆங்கில அடி, 30.48 செ.மீ. முதல் கணக்கில் கப்பல் 54.5 மீட்டர், இரண்டாவதில் 51 சொச்சம். 48-இல் ஒரு பங்கு அளவில் செய்தால் மாடல் ஏழு செ.மீ. குட்டையாகிவிடும். அந்தக் காலத்து வரைபடங்களைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, 'யாருடைய அடி?'

பீரங்கியும் அப்படித்தான். கீழ்த்தளத்தில் 28, அதற்கு மேல்தளத்தில் 30, முன்னும் பின்னும் உயர்ந்த தளங்களில் 16. கீழ்த்தளத்துக் குண்டு 36 பிரெஞ்சு ராத்தல், கிட்டத்தட்ட பதினேழரைக் கிலோ.

இதெல்லாம் சரியாக வந்தாலும் கிடைப்பது 1778-இல் இறங்கிய புதுக்கப்பல். காரைக்காலுக்கு எதிரே நின்றது அது இல்லையே! 1781-இல் போர்ட்டோ பிராயா, 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கைக் கரை என்று மூன்று சண்டை பார்த்துவிட்டு, மட்டக்களப்பில் ஒட்டுப்போட்டுக்கொண்டு வந்த கப்பல் அது.

அன்றைய சண்டையைக் குழப்பியது காற்று. காலையில் கச்சான் வீசியது. மதியத்துக்கு மேல் திடீரென்று கடற்காற்று திரும்பியதில் இரண்டு பக்கமும் வரிசை கலைந்தது. இந்தக் கரையில் கட்டுமரம் தள்ளியவர்களுக்கு அது புதுசில்லை. பிரெஞ்சுத் தரப்பில் 178 பேர் செத்தார்கள், 601 பேருக்குக் காயம். ஆங்கிலேயர் பக்கம் 77, 233. கப்பல் எதுவும் மூழ்கவில்லை. ஆனா முந்தைய ஆண்டு ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து பிடித்த நாகப்பட்டினத்தை மீட்க வந்த சுஃப்ரெனின் திட்டம் அதோடு போயிற்று. அங்கிருந்து கடலூருக்குப் போய், சின்னக் கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரியவற்றில் நட்டார்.

ஆகவே காரைக்கால் 'எரோ'வைக் கட்டுபவர் வரைபடத்தை மட்டும் நம்பினால் போதாது. சண்டைக் குறிப்புகளையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். பளபளக்கும் தங்கப்பூச்சு வேண்டாம். கிழிந்த பாயும் நிறம் மாறிய பலகையும் போதும். என் ஓட்டு அந்த மாடலுக்குத்தான்.