ஐந்து குடும்பங்கள் சொன்ன 'முடியாது': தாலிடோமைட் வழக்கின் கதை

இன்னைக்கு ஒரு தூக்க மாத்திரையோட வரலாறு. அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. கர்ப்பமா இருக்கிற ஒரு பெண், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுறாங்க. குழந்தை கைகள் இல்லாம பிறக்குது. அந்தக் குடும்பம் யார் மேல, எந்தச் சட்டத்தை வெச்சு கேஸ் போட முடியும்? 1962-ல இங்கிலாந்துல எந்த வக்கீலாலயும் இதுக்கு உறுதியா ஒரு பதில் சொல்ல முடியல.

மாத்திரை முதல்ல வந்தது மேற்கு ஜெர்மனியில. கெமி க்ரூனென்டால்ங்கிற கம்பெனி 1957 அக்டோபர்ல 'கான்டர்கான்'ங்கிற பேர்ல அதை விற்க ஆரம்பிச்சுது. உள்ளே இருந்த மருந்தோட பேர் தாலிடோமைட். அங்கே டாக்டர் சீட்டு இல்லாமலேயே கடையில வாங்கலாம். அடுத்த வருஷம் ஏப்ரல்ல பிரிட்டனுக்கு 'டிஸ்டாவல்'னு வந்தது. அங்கே விற்றது டிஸ்டில்லர்ஸ் குழுமம். ஆமா, ஜானி வாக்கர் விஸ்கியை வெச்சிருந்த அதே டிஸ்டில்லர்ஸ்தான். மருந்து அவங்களுக்கு ஒரு பக்கத் தொழில். தூக்கம் வரல, படபடப்பா இருக்கு, மசக்கையில வாந்தி நிற்கல, எல்லாத்துக்கும் இதே மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு முழுப் பாதுகாப்புன்னு விளம்பரமே செஞ்சாங்க.

கரு உருவாகி மூணாவது வாரத்துல இருந்து அஞ்சாவது வாரம் வரைக்கும்தான் ஆபத்தான காலம். கை, கால், காது எல்லாம் உருவாகுற நாட்கள் அவை. அந்த நேரத்துல ஒரே ஒரு மாத்திரைகூடப் போதும். அந்த நாட்கள்ல பல பெண்களுக்குத் தாங்க கர்ப்பமா இருக்கோம்னே தெரிஞ்சிருக்காது.

1961 கடைசியில ஹாம்பர்க்ல விடுகிண்ட் லென்ஸ், சிட்னியில வில்லியம் மெக்பிரைட்னு ரெண்டு டாக்டர்கள் தனித்தனியா இந்த மருந்து மேல சந்தேகப்பட்டுச் சொன்னாங்க. நவம்பர் கடைசியில ஜெர்மனியிலயும், டிசம்பர் ஆரம்பத்துல பிரிட்டன்லயும் மாத்திரை கடைகள்ல இருந்து போச்சு. அதுக்குள்ள உலகம் முழுக்க பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்ததா மதிப்பிடுறாங்க. அதுல கணிசமான பகுதி பிறந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோச்சு.

இப்போ கோர்ட்டுக்கு வருவோம். 1962-ல இங்கிலாந்துல முதல் கேஸ் போட்டாங்க. எதிர்ல ரெண்டு சுவர். முதல் சுவர், கவனக்குறைவு. கம்பெனி மருந்து வித்தது, குழந்தை பாதிக்கப்பட்டதுன்னு காட்டினா மட்டும் போதாது. 1958-ல பொறுப்புள்ள ஒரு கம்பெனி செஞ்சிருக்க வேண்டிய சோதனையை இவங்க செய்யலன்னு நிரூபிக்கணும். கருவுற்ற விலங்குகள்ல சோதிச்சுப் பார்க்கிறது அந்தக் காலத்துல வழக்கமே இல்லைன்னு கம்பெனி சொல்லுச்சு. வழக்கம்தான்னு காட்ட வேண்டிய ஆவணங்கள் எல்லாம் கம்பெனிகள் கையில இருக்கு. ரெண்டாவது சுவர் இன்னும் விசித்திரமானது. காயம் பட்டப்போ அந்தக் குழந்தை பிறக்கவே இல்லையே! கருவுல இருந்த ஒருத்தர், பிறந்த பிறகு வந்து 'எனக்குத் தீங்கு செஞ்சீங்க'ன்னு வழக்குப் போடலாமா? அதுவரைக்கும் எந்த ஆங்கிலேய நீதிமன்றமும் இதுக்குத் தீர்ப்பு சொன்னதில்லை.

இப்படியே ஆறு வருஷம் ஓடுச்சு. 1968-ல 62 குழந்தைகளுக்காக ஒரு செட்டில்மெண்ட். முழுசா ஜெயிச்சிருந்தா என்ன கிடைச்சிருக்குமோ அதுல 40 சதவீதம். ரூபாய்க்கு நாற்பது பைசா. பதிலுக்கு, கம்பெனி கவனக்குறைவா இருந்ததுங்கிற குற்றச்சாட்டைக் குடும்பங்கள் வாபஸ் வாங்கணும். வக்கீல்கள் 'வாங்கிக்கோங்க'ன்னுதான் ஆலோசனை சொன்னாங்க. அவங்களைக் குறை சொல்றது கஷ்டம். தோத்தா ஒரு பைசாகூடக் கிடைக்காது.

இந்தச் செட்டில்மெண்ட் செய்தியைப் பார்த்துட்டு மத்த பெற்றோர்களும் வந்தாங்க. 1971-க்குள்ள 389 கோரிக்கைகள் நிலுவையில இருந்தது. டிஸ்டில்லர்ஸ் ஒரு அறக்கட்டளை ஆரம்பிக்கிறோம்னு முன்வந்தாங்க. அந்தப் பேச்சுவார்த்தையில கடைசியா நின்ன தொகை 32.5 லட்சம் பவுண்டு, அதுவும் பத்து வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா. கூடவே ஒரு நிபந்தனை: எல்லாப் பெற்றோரும் சம்மதிக்கணும். ஒருத்தர் மறுத்தாலும் யாருக்கும் இல்லை.

இந்த முழுக் கதையிலயும் எனக்கு ரொம்பக் கொடூரமாப் படுறது இந்த நிபந்தனைதான். இது குடும்பங்களைக் குடும்பங்கள் மேலேயே ஏவி விடுது. வாடகை கட்ட முடியாம, செயற்கைக் கை வாங்க முடியாம, வேலையை விட்டுட்டு வீட்ல உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மாவுக்கு அந்தப் பணம் இன்னைக்கே வேணும். அதைத் தடுக்கிறது யாருன்னு அவங்க பார்த்தா, தெரியுறது கம்பெனி இல்ல, கையெழுத்துப் போடாத இன்னொரு அப்பா.

ஐந்து குடும்பங்கள் கையெழுத்துப் போடல. அதுல ஒருத்தர் டேவிட் மேசன், லண்டன்ல ஓவியங்கள் வாங்கி விற்கிறவர். மத்தவங்களைவிட அவர்கிட்ட வசதி இருந்தது, பிடிவாதமும் இருந்தது. தேவை பார்த்துப் பணம் தர்ற தர்மம் தன் மகளுக்கு வேண்டாம், அவளுக்கு உரிமைன்னு சேர வேண்டியது வேணும்னு நின்னார். மத்தவங்களோட தவிப்புக்கு நடுவுல அவர் மறுத்தது சரியா தப்பான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. எனக்கு ரெண்டு பக்கமும் புரியுது.

அடுத்து நடந்ததுதான் ஆச்சரியம். மறுக்கிற பெற்றோர்களைக் குழந்தைகளோட சட்டப் பிரதிநிதி இடத்துல இருந்தே நீக்கிட்டு, அரசு அதிகாரி ஒருத்தரை வைக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போனாங்க. கீழ்கோர்ட்டும் சரின்னு சொல்லிடுச்சு. அதாவது, உன் குழந்தைக்கு எது நல்லதுன்னு முடிவு பண்ண நீ லாயக்கில்லைன்னு அர்த்தம். 1972 ஏப்ரல்ல, டென்னிங் பிரபு இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. ஒரு பெற்றோர் தன் குழந்தையோட நலனை மனசுல வெச்சு மறுக்கலாம், அதுக்காக அவங்களை நீக்க முடியாதுன்னு சொன்னாங்க. பத்து வருஷத்துல குடும்பங்களுக்குக் கோர்ட்ல கிடைச்ச உருப்படியான வெற்றின்னா இதைத்தான் சொல்லணும்.

இதெல்லாம் ஏன் ஊருக்குத் தெரியல? நிலுவையில இருக்கிற வழக்கைப் பத்தி எழுதினா நீதிமன்ற அவமதிப்பு. 1971 டிசம்பர்ல மேசனோட கதையை 'டெய்லி மெயில்' போட்டுச்சு. அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துல இருந்து எச்சரிக்கை வந்ததும் நிறுத்திடுச்சு. விசாரணைக்கே வராத வழக்கு அது, ஆனா அதைச் சொல்லியே எல்லார் வாயையும் கட்டி வெச்சிருந்தாங்க.

1972 செப்டம்பர் 24. ஹெரால்ட் எவன்ஸ் ஆசிரியரா இருந்த 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை இந்தக் குழந்தைகளை நாட்டோட அவமானம்னு தலைப்புலயே சொல்லி எழுதுச்சு. அதுல ஒரு சாமர்த்தியம் இருந்தது. கம்பெனி சட்டப்படி குற்றவாளின்னு சொல்லல. தார்மீகப்படி இது நியாயமான்னு கேட்டாங்க. பக்கத்துலயே கணக்கு: முந்தின வருஷம் வரிக்கு முன்னாடி லாபம் 6.48 கோடி பவுண்டு, குழந்தைகளுக்குப் பத்து வருஷத்துக்கு 32.5 லட்சம்.

மருந்து எப்படிச் சோதிக்கப்பட்டது, யார் என்ன தவறவிட்டாங்கன்னு அடுத்த கட்டுரை வரப்போறதா அறிவிச்சிருந்தாங்க. அதுக்கு நவம்பர்ல கோர்ட் தடை போட்டுச்சு. ஆனா முதல் கட்டுரை தன் வேலையைச் செஞ்சிடுச்சு. காது கேட்காத எம்.பி. ஜாக் ஆஷ்லி நாடாளுமன்றத்துல விவாதத்தைக் கொண்டுவந்தார். கம்பெனியோட பங்குதாரர்கள், அதுலயும் லீகல் அண்ட் ஜெனரல் மாதிரி பெரிய இன்ஷூரன்ஸ் நிறுவனம், பகிரங்கமா நெருக்க ஆரம்பிச்சாங்க. 1973 ஜனவரியில டிஸ்டில்லர்ஸ் 2 கோடி பவுண்டுக்கு வந்தாங்க. மறுத்து நின்னதால தொகை ஆறு மடங்காச்சு. ஜூலை 30-ஆம் தேதி கோர்ட் அந்த ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்டது. கம்பெனி தப்பு பண்ணுச்சா இல்லையாங்கிற கேள்விக்கு மட்டும் கடைசிவரை தீர்ப்பே வரல.

ஜெர்மனியில நடந்தது வேற மாதிரி. அங்கே அரசே கிரிமினல் வழக்குப் போட்டுச்சு. பெற்றோர்களும் அதுல தங்களை இணைச்சுக்கிட்டாங்க. 1968 மே மாசம் ஆஹன் நகரத்துக்குப் பக்கத்துல அல்ஸ்டார்ஃப்ங்கிற ஊர்ல விசாரணை ஆரம்பம். ரெண்டரை வருஷம் கழிச்சு, 1970 டிசம்பர்ல தண்டனையும் இல்லாம விடுதலையும் இல்லாம வழக்கை முடிச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடியே 10 கோடி மார்க் தர்றதா க்ரூனென்டால் ஒப்பந்தம் போட்டிருந்தது. அப்புறம் வந்த தனிச் சட்டம் அந்தப் பணத்தோட அரசுப் பணத்தையும் சேர்த்து ஒரு அறக்கட்டளை அமைச்சு ஓய்வூதியம் கொடுத்துச்சு; அதோட கம்பெனி மேல இருந்த எல்லா உரிமைக் கோரிக்கையும் சட்டப்படி செத்துப்போச்சு. கம்பெனி கொடுத்த பணம் 1997-ல தீர்ந்துபோச்சு. அதுக்கப்புறம் அந்தக் குழந்தைகளுக்கு, அதுக்குள்ள நடுத்தர வயசை நெருங்கினவங்களுக்கு, மக்களோட வரிப்பணம்தான். கம்பெனி மன்னிப்புன்னு வாயைத் திறந்தது 2012 ஆகஸ்ட்ல.

இங்கிலாந்துல தடை போட்ட அந்த ரெண்டாவது கட்டுரை 1976 ஜூன் 27-ல ஒருவழியா வெளிவந்தது. 1979-ல ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்தத் தடையே கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானதுன்னு 11-க்கு 9ங்கிற கணக்குல சொல்லுச்சு. நூலிழை வித்தியாசம். அந்த ரெண்டாவது சுவரும் இடிஞ்சுது: கருவுல பட்ட தீங்குக்குப் பிறந்த குழந்தை வழக்குப் போடலாம்னு 1976 ஜூலையில ஒரு சட்டம் வந்தது. ஆனா அந்தச் சட்டம் வந்த பிறகு பிறக்கிற குழந்தைகளுக்கு மட்டும். தாலிடோமைட் பிள்ளைகள் அப்போ பதினஞ்சு வயசை ஒட்டி இருந்தாங்க.

முதல் சுவரை இடிக்க ஐரோப்பா 1985-ல ஒரு விதி கொண்டுவந்தது. கவனக்குறைவை நிரூபிக்க வேண்டாம், பொருள்ல குறை இருந்ததுன்னு காட்டினா போதும். பிரிட்டன் 1987-ல அதைச் சட்டமாக்குச்சு. கூடவே கம்பெனிகளுக்கு ஒரு ஜன்னலைத் திறந்து வெச்சுது: விற்ற காலத்து அறிவியலால அந்தக் குறையைக் கண்டுபிடிச்சிருக்க முடியாதுன்னு காட்டினா தப்பிக்கலாம். டிஸ்டில்லர்ஸ் 1960-கள்ல சொன்ன வாதத்தோட ஜாடை அதுல தெரியுதா?

இன்னைக்கு இதே கேள்வியோட நிற்கிறது சோடியம் வால்ப்ரோயேட் மருந்து. வலிப்பு நோய்க்குக் கொடுக்கிறது. கர்ப்ப காலத்துல எடுத்தா குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வர்ற வாய்ப்பு கணிசமா கூடும். (ஒரு நிமிஷம்: இதைக் கேட்டுட்டு யாரும் மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, அது உயிருக்கே ஆபத்து. முதல்ல டாக்டர்கிட்ட பேசுங்க.) பிரிட்டன்ல குடும்பங்கள் போட்ட வழக்கு, 2010-ல விசாரணைக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அரசோட சட்ட உதவிப் பணம் நின்னதால அப்படியே படுத்துடுச்சு. பிரான்ஸ்ல பெற்றோர்கள் சங்கம் வெச்சுப் போராடி, கோர்ட்டுக்குப் போகாமலே நஷ்டஈடு கேட்கிற ஒரு அரசுத் திட்டத்தை 2016 கடைசியில சட்டமாக்க வெச்சாங்க. பிரிட்டன்லயும் அப்படி ஒண்ணு வேணும், முதல் தவணையா ஆளுக்கு 1,00,000 பவுண்டு கொடுக்கணும்னு நோயாளிகள் பாதுகாப்பு ஆணையர் அரசுக்கு அறிக்கை கொடுத்தது 2024 பிப்ரவரியில.