டிலீட் பண்ணியும் போகாத காகிதங்கள்

போன மாசம் கண்டி டவுனில் ஒரு கடையில பழைய லெப்டொப் ஒன்று வாங்கினேன். "எல்லாம் போமட் பண்ணித்தான் தம்பி வச்சிருக்கு" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து, அழிந்த பைல்களை மீட்கிற ஓர் இலவச மென்பொருளைச் சும்மா ஓடவிட்டேன். யாரோ ஓர் அக்காவின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அவருடைய தாத்தாவின் குடியுரிமைப் பத்திரம் என்று ஸ்கேன் பிரதிகள் வரிசையாக வந்தன.

அந்தக் கடைசிப் பத்திரத்தில் கை நின்றுவிட்டது. மலையகத்தில் காகிதம் என்றால் என்ன என்று நம்ம வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருசம் வந்த சட்டமோ, குடியுரிமை கேட்பவர் 1946க்கு முன் தொடர்ந்து 7 வருசம், கலியாணமாகாதவர் என்றால் 10 வருசம், இங்கே வசித்ததைக் காட்டச் சொன்னது. காட்டக் காகிதம் வேணும். லயத்துக் கூரை ஒழுகினாலும் டிரங்குப் பெட்டிக்குள் பத்திரம் நனையக் கூடாது என்று வளர்ந்த ஆட்கள் நாங்க. வைக்கத் தெரியும், அழிக்கத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

அழிப்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. எழுத்தாணியால் கீறியது ஓலையோடுதான் போகும். கணினிச் சிப்புகளும் ஆரம்பத்தில் ஏறக்குறைய அப்படித்தான். 1971இல் இன்டெல் நிறுவனத்தின் டோவ் ஃபுரோமன் அழித்து எழுதக்கூடிய ஈபிரோம் சிப்பைக் கொண்டுவந்தார். அதன் முதுகில் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல். அழிக்க வேணுமா, சிப்பைக் கழற்றி புற ஊதா விளக்குக்குக் கீழே சில நிமிசம் வைக்கணும். வெயில் பட்டு தானாக அழியாமலிருக்க ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம்!

ஜப்பானில் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோக்கா இந்தத் தொல்லையைத் தீர்த்தார். 1984இல் அவர் அறிமுகப்படுத்திய நினைவகம் ஒரு பெரிய பகுதியை ஒரே அடியில் அழித்தது. கெமராவின் ஃபிளாஷ் மாதிரி இருக்கே என்று உடன் வேலை செய்த ஷோஜி அரிய்சுமி சொன்னதால் அதற்கு 'ஃபிளாஷ்' என்றே பெயர் வந்தது. இன்றைக்கு நம்ம போனிலும் எஸ்எஸ்டியிலும் இருப்பது அதன் வாரிசு. அழிக்கும் வேகத்துக்காகப் பெயர் வாங்கியது, மறக்க மட்டும் மாட்டேன் என்கிறது. பாருங்களேன் வேடிக்கையை.

காரணம் இதுதான். ஃபிளாஷில் எழுதுவது சின்னப் பக்கமாக, அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த பிளாக்காக. பழையதன் மேலேயே எழுதவும் முடியாது. ஒவ்வொரு பிளாக்கும் அழித்து எழுத அழித்து எழுதத் தேய்ந்துபோகும். அதனால் டிஸ்க்குக்குள் இருக்கும் கட்டுப்படுத்தி புதியதை வேறு இடத்தில் எழுதிவிட்டு, பழைய பிரதியை அப்படியே விட்டுவைக்கும். 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஒரு பைலை மட்டும் மேலெழுதி அழிக்கும் முறைகள் எஸ்எஸ்டியில் எதுவுமே சரிவரவில்லை. ஒரு டிஸ்க் "அழித்துவிட்டேன்" என்று பதில் சொல்லியும் தகவல் முழுசாக உள்ளே இருந்தது.

டிஸ்க்கிடம் "இந்த இடம் இனி வேண்டாம்" என்று சொல்லும் டிரிம் கட்டளை 2009 வாக்கில் பரவலானது. விண்டோஸ் 7 அதோடுதான் வந்தது. ஆனால் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி பெட்டியில் போட்டு போமட் பண்ணினால் அந்தச் செய்தி பல நேரம் போய்ச் சேராது. என் லெப்டொப்புக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

லினக்ஸில் முழு டிஸ்க்குக்கும் இதையே ஒரே வரியில் சொல்ல 'பிஎல்கே டிஸ்கார்ட்' இருக்கிறது. பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் திறந்து, டெர்மினலில் அதற்குப் பின்னால் டிஸ்க்கின் பெயரை அடித்தால் சில நொடியில் முடிந்துவிடும். பெயரில் ஓர் எழுத்து மாறினால் உங்கள் சொந்தப் படங்கள் போய்விடும், அதையும் சொல்லிவிடுகிறேன். இதுவும் முழு உத்தரவாதம் இல்லை. டிஸ்க் இப்போதே அழிக்கலாம், ஆறுதலாகவும் அழிக்கலாம். விற்கப் போகிற டிஸ்க் என்றால் அதற்குள்ளேயே இருக்கும் 'செக்யூர் இரேஸ்' கட்டளையையும் கொடுப்பது நல்லது.

ஸ்கேன்களோடு வேலை விண்ணப்பம் ஒன்றும் இருந்தது. அதில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். முதலில் அந்த அக்கா பயந்துவிட்டார், நியாயம்தான். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தாத்தாட பத்திரத்தின்ட ஒரிஜினல் வெள்ளத்துல போயிடுச்சு தம்பி. அத மட்டும் அனுப்புவீங்களா?"

அனுப்பினேன். கிடைத்தது என்று அவர் சொன்ன பிறகு, டிஸ்க்கின் பெயரை மூன்று தரம் சரிபார்த்து, எண்டர் தட்டினேன்.