முதுமையில் விழாமல் இருக்க: நடை மட்டும் போதாது

அம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால், அதன் பிறகு நாங்கள் அவரை விறாந்தைக் கதிரையை விட்டு எழும்ப விடவில்லை. தண்ணீர்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். சில மாதங்களில், ஆள் பிடிக்காமல் அந்தக் கதிரையிலிருந்து எழும்ப அவரால் முடியாமல் போனது. பயன்படுத்தாத தசை முதுமையில் விரைவாகக் கரைந்துவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

2012ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதம். இந்த விகிதம் தொடர்ந்து கூடிவருகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் முதியவர்களும் எங்கள் ஊர்களில் பலர். அவர்களுக்கு ஒரு தடவை விழுவதே சொந்தக் காலில் வாழும் வாழ்க்கையின் முடிவாகிவிடலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. பலர் காலைநடையோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால், சமநிலையையும் தசைப் பலத்தையும் வளர்க்கும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாட்களாவது செய்யவேண்டும் என்றும் அதே வழிகாட்டல் கூறுகிறது. விழுவதைத் தடுப்பதில் இவையே முக்கியமானவை.

இதற்கு உபகரணம் தேவையில்லை. சுவரோடு ஒட்டி வைத்த, அசையாத கதிரையில் இருந்து மெதுவாக எழுந்து, மெதுவாக அமரலாம். மேசையைப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்தி இறக்கலாம். சுவரோரமாக, ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை வைத்து நடக்கலாம். ஐந்து தடவையில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டினால் போதும்.

மூச்சை அடக்கக்கூடாது. பயிற்சியின்போது கதைக்க முடியவேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். நெஞ்சுவலி, தலைச்சுற்று, வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி, மருத்துவ உதவி பெறவேண்டும். வெயில் நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. இன்சுலின் பாவிப்பவர்கள் இனிப்பு ஏதாவது கைவசம் வைத்திருக்க வேண்டும். இதய நோய் உள்ளவர்களும் ஏற்கெனவே விழுந்தவர்களும் தொடங்குமுன் வைத்தியரிடமோ இயன் மருத்துவரிடமோ ஆலோசிக்க வேண்டும். இரத்த அழுத்த, நித்திரை மாத்திரைகள் தலைச்சுற்றைத் தருகின்றனவா என்றும் கேட்டறியலாம்.

அம்மம்மாவுக்குத் தண்ணீரை இப்போது நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. அவரே குசினிவரை நடந்துபோய் எடுக்கிறார். நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம்.