டோனி குரோஸ்

டோனி குரோஸ் (பிறப்பு: 4 ஜனவரி 1990) ஜெர்மானியக் கால்பந்து வீரர், கால் வேகத்தைவிடப் பாஸின் துல்லியத்தை நம்பி ஆடிய நடுக்கள ஆட்டக்காரர். பெர்லின் சுவர் திறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், கிழக்கு ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் பிறந்தார். தந்தை ரோலண்ட் கால்பந்துப் பயிற்சியாளர், தாய் பூப்பந்து வீராங்கனை.

ஹன்சா ராஸ்டாக் கழகத்திலிருந்து 2006இல் பேயர்ன் மியூனிக் சென்றார். மறு ஆண்டு, 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். ஆயினும் பேயர்னில் நிலையான இடம் கிடைக்கவில்லை. 2009–10இல் லெவர்குசன் அணிக்கு இரவலாகப் போய், பயிற்சியாளர் யுப் ஹைன்கஸிடம் பயின்று திரும்பிய பிறகே வேரூன்றினார். 2013இல் பேயர்ன் சாம்பியன்ஸ் லீக் வென்றபோது, காயத்தால் இறுதியாட்டத்தில் ஆட முடியவில்லை.

2014 உலகக்கோப்பை அரையிறுதியில் பிரேசிலை ஜெர்மனி 7–1 என வீழ்த்தியது. அதில் குரோஸ் 69 வினாடி இடைவெளியில் இரண்டு கோல் அடித்தார். கோப்பை வென்ற அந்த அணியில் கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர் அவர் ஒருவரே.

அதே கோடையில் ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது. அவருடைய ஆட்டம் முழுமை பெற்றது அங்கேதான். காசெமிரோ பின்னே காவல் நிற்க, மோட்ரிச் வலப்புறம் சுழல, குரோஸ் இடப்பக்கம் பின்னோக்கி இறங்கிப் பந்தை வாங்குவார். எதிரணி தன்னை நோக்கி நகரும்வரை பொறுத்திருந்து, மைதானத்தின் மறுகோடியில் நிற்பவரின் காலடிக்கே நீண்ட பாஸ் அனுப்புவார். கோல் கணக்கில் இந்த உழைப்பு ஏறாது. அவர் மதிப்பைப் பலர் தாமதமாகவே உணர்ந்ததற்கு அதுவே காரணம். மாட்ரிட்டுக்காக 465 ஆட்டங்களில் ஆடி, ஐந்து சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளையும் நான்கு லா லிகா பட்டங்களையும் வென்றார்.

2021இல் தேசிய அணியிலிருந்து விலகியவரை, 2024இல் பயிற்சியாளர் நாகல்ஸ்மான் திரும்ப அழைத்தார். லியோனில் பிரான்சுக்கு எதிரான அந்த மறுவருகையில், ஆட்டம் தொடங்கிய சில வினாடிகளிலேயே அவர் தந்த பாஸை விர்ட்ஸ் கோலாக்கினார். ஜூன் 1 அன்று வெம்ப்லியில் டார்ட்முண்டுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியில், அவர் அடித்த கார்னரைக் கார்வகால் தலையால் முட்டி முதல் கோலாக்கினார். மாட்ரிட் சட்டையில் அதுவே அவருடைய கடைசி ஆட்டம். யூரோ 2024 தொடக்க ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராக அவர் கொடுத்த 102 பாஸ்களில் 101 சேர வேண்டியவரிடமே சேர்ந்தன. ஜூலை 5 அன்று ஸ்டுட்கார்ட் காலிறுதியின் கூடுதல் நேரத்தில் ஜெர்மனிக்கு எதிராக ஸ்பெயினின் மெரினோ வெற்றிக் கோலை அடித்தார். தன் 114ஆவது சர்வதேச ஆட்டத்தோடு 34 வயதில் குரோஸ் களத்தை விட்டு இறங்கினார்.