பியானோ சுத்தியல்களை வேதிக்கரைசலால் இறுக்குதல்: பயனும் எல்லையும்

பியானோவின் நாதம், கம்பளி ஃபெல்ட் போர்த்திய சுத்தியல் தந்தியைத் தொட்டு மீளும் சில மில்லிவினாடிகளில் உருவாகிறது. இத்தொடுகை கீழ்ச்சுரங்களில் ஏறத்தாழ 4 மில்லிவினாடியும் உச்சச் சுரங்களில் 1 மில்லிவினாடிக்குக் குறைவாகவும் நீடிக்கும். தொடுகை குறுகினால் மேல்தொனிகள் வலுத்து ஒலி பளிச்சிடும். நீண்டால் அவை அடங்கி ஒலி மங்கும். ஃபெல்ட்டின் விறைப்பும் நிலையானதன்று. அழுத்தம் கூடக் கூட அது வேகமாக ஏறுகிறது. மெல்ல வாசிக்கையில் ஒலி குழைவதும் ஓங்கி வாசிக்கையில் ஒளிர்வதும் இந்த ஏற்றத்தால்தான். அதைக் கெடுக்காமல் 88 கட்டைகளின் ஒலியையும் ஒரு சீராக்கும் வேலையே வாய்சிங். ஃபெல்ட்டை இறுக்க இடும் வேதிக்கரைசலின் பயனையும் இந்த அளவுகோலாலேயே மதிப்பிட வேண்டும்.

1700-ஐ ஒட்டி ஃபிளாரன்ஸில் முதல் பியானோவை உருவாக்கிய கிறிஸ்டோஃபோரி சுத்தியலுக்குத் தோல் போர்த்தினார். பாரிஸில் ழான்-ஹென்றி பாப் 1826-இல் ஃபெல்ட் சுத்தியலுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் இரண்டு மரபுகள் வளர்ந்தன. ஜெர்மானிய மரபில் ஃபெல்ட்டை மரக்கருவின் மேல் வன்மையாக அழுத்திப் பொதிந்து, ஊசியால் குத்தி இளக்குவர். நியூயார்க் ஸ்டைன்வே மரபில் தளர்வாகப் பொதிந்த ஃபெல்ட்டுக்கு லாக்கர் ஊட்டி இறுக்குவர். எனவே கரைசலைப் பொதுவாகக் குறைபாட்டை மறைக்கும் குறுக்குவழி என்பது தவறு; இரண்டாம் மரபில் அது சுத்தியல் வடிவமைப்பின் ஓர் அங்கம்.

ஃபெல்ட்டில் கம்பளி இழைகள் பின்னிக் கிடக்கின்றன. அடிபடும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. கரைப்பான் ஆவியானபின் எஞ்சும் பிசின், இழைகள் சந்திக்கும் இடங்களில் ஒட்டி அந்த நகர்வைக் குறைக்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து இடுவது பழைய வழக்கம். அது முழுதும் உலர்ந்து விளைவு தெரிய ஓர் இரவேனும் வேண்டும். கட்டைகளின் மேலொட்டும் பிளாஸ்டிக்கை அசிட்டோனில் கரைத்த கரைசல் விரைவில் உலர்கிறது. அரும்பொருள் பாதுகாப்பில் பயன்படும் பாராலாயிட் பி-72 என்னும் அக்ரிலிக் பிசினை, உலர்ந்தபின்னும் அசிட்டோனில் மீண்டும் கரைக்கலாம்.

இடும் இடமே விளைவைத் தீர்மானிக்கிறது. சுத்தியலின் உச்சிக்கு இருபுறமும் உள்ள தோள்களில் இட்ட கரைசல் உள்ளே இறங்கி, உச்சிக்குக் கீழே உறுதியான தளம் அமைக்கிறது. மென்மையான உச்சி மெல்லோசையைக் காக்கிறது, ஓங்கிய அடியில் அடித்தளம் வலிமை தருகிறது. உச்சியிலேயே இட்டால் மெல்லிய தொடுகையிலும் ஒலி கீச்சிடும். விறைப்பின் ஏற்றம் குலைந்து, வாசிப்பவர் கைக்கு ஒரே நிறம்தான் கிடைக்கும். குறுகிய தொடுகை தேவைப்படும் உச்சச் சுரங்களில் மட்டும் உச்சியில் ஓரிரு துளிகள் ஏற்கத்தக்கவை.

மங்கிய ஒலிக்கெல்லாம் மென்மையான ஃபெல்ட் காரணமாவதில்லை. ஒரு சுரத்துக்குரிய மூன்று தந்திகளும் ஒரே கணத்தில் அடிபடாமை, தளர்ந்த திருகு, குலைந்த சுருதி ஆகியவையும் ஒலியை மங்கச் செய்யும். தேய்ந்து தட்டையான உச்சியைப் உப்புத்தாளால் தேய்த்து உருத்திருத்தினாலே பல சுத்தியல்கள் தெளிவு பெறும். இவற்றைச் சரிசெய்யாமல் கரைசலை ஊற்றினால் குறைபாடு அப்படியே இறுகிப்போகும். மிகையான கரைசலால் வந்த இறுக்கத்தை ஊசியால் ஓரளவு உடைக்கலாம். ஆழத்தில் ஊறிய பிசினை, மீண்டும் கரையும் பி-72 ஆனாலும், முழுதாக வெளியேற்ற இயலாது. அசிட்டோனும் தின்னரும் எளிதில் தீப்பற்றுபவை; காற்றோட்டமான இடத்தில், நெருப்பின்றியே கையாள வேண்டும்.

ஆகவே வேலையின் வரிசை தெளிவானது: பொறியமைப்பும் சுருதியும் முதலில், உச்சியின் உருவம் அடுத்து, கரைசல் கடைசியில். அதுவும் நீர்த்ததாக, தோளிலிருந்து, சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறையும் உலரவிட்டுக் கேட்டபின். வரலாற்று மதிப்புள்ள பழைய சுத்தியல்களில் அதைத் தவிர்ப்பதே முறை. தளர்வாகப் பொதிந்த ஃபெல்ட்டுக்கு அளவோடு இட்ட கரைசல் உயிரூட்டும். மீள்திறன் இழந்த ஃபெல்ட்டுக்கு அத்திறனைக் கரைசல் திருப்பித் தராது. அத்தகைய சுத்தியலை மாற்றுவதே தீர்வு.